காணாமல் போன தொண்ணூற்றெட்டு மீட்டர்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பலூன் மூன்று, உணர்கருவிப் பெட்டி மூன்று, நூல்கண்டு நான்கு, பருத்திக் கையுறை ஒரு ஜோடி. ஒரு பலூனைத் தூக்கிப் பிடித்து, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "இந்த வயதில் இதை ஊதினால் பெரியவருக்கு மூச்சு நின்றுவிடும் என்கிறான்" என்று மொழிபெயர்த்துச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முனை ரப்பரில் பட்டால் மூன்று இரண்டாகிவிடும்.

எனக்கு வயது எழுபத்தொன்று. சென்னையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் வானிலைப் பலூன் விட்டவன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பலூனுக்கு அடியில் தொங்கும் சிறு பெட்டி, ஏற ஏற வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றழுத்தத்தையும் வானொலியில் சொல்லிக்கொண்டே போகும். ஓய்வு பெற்றபின் பலூனைத் தொட்டதில்லை. என் மகளோடு ஒரு பயிற்சியில் சேர்ந்து படித்த தவமணி என்ற பெண், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பலூன் விட ஆள் தேடுகிறாள், ஏற்பாடு செய்திருந்தவர் காலை உடைத்துக்கொண்டார், நீங்கள் போய் வாருங்கள் அப்பா என்று மகள் சொன்னாள். ஆறு நாள். வந்துவிட்டேன்.

ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது பெயர்ப்பலகையில் எழுதியிருந்த உயரத்தை. நம் ஊர் நிலையங்களிலும் பலகையின் ஓரத்தில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று இருக்கும். ஒரு ஊருக்கு வந்தால் அதன் உயரத்தைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு மூச்சு சீராகாது. மழை பொடிப்பொடியாகப் பெய்தது. தவமணி குடையோடு நின்றிருந்தாள். முப்பத்துநான்கு வயது, ஒல்லியான உருவம், பேச்சில் அவசரம்.

"வாங்க ஐயா. பெட்டிய என்கிட்ட குடுங்க."

"வேண்டாம்மா. இது என் மடியிலேயே இருக்கட்டும்."

வெளிநாட்டுக்கு வந்த எண்ணமே வரவில்லை. திருச்சிப் பக்கத்துப் பேச்சு அப்படியே காதில் விழுந்தது. நடுநடுவே வரும் சிங்களச் சொல் ஒன்றிரண்டுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பதை நினைவூட்டியது. பஸ்ஸில் எனக்கு முன் நாற்பத்தாறு பேர் ஏறியிருந்தார்கள். நடத்துநர் இன்னும் ஏழு பேரை ஏற்றினார். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பதினொரு வளைவுகளைக் கடந்தேன்.

தவமணியின் அம்மா ராசம்மா தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தார். வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், அவருடையது ஐந்தாவது. ரொட்டியும் மிளகாய் இடித்த கட்ட சம்பலும் கொடுத்தார். நம் ஊர்ச் சப்பாத்தியை எண்ணிக் கையை நீட்டினேன். இது கனமானது, தேங்காய்ப்பூ போட்டுத் தட்டியது. ஒன்றிலேயே வயிறு நிறைந்தது, இரண்டு சாப்பிட்டேன். சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது.

சாப்பிடும்போதே தவமணி வேலையைச் சொன்னாள். நம் கைப்பேசிக்கு வழி சொல்லும் செயற்கைக்கோள்கள் மிக உயரத்தில் சுற்றுகின்றன. வேறொரு சிறு செயற்கைக்கோள் தாழ்வாக ஓடிக்கொண்டே அவற்றின் சமிக்ஞையைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே பூமியின் விளிம்பு வரும் சமயத்தில் சமிக்ஞை காற்றைத் துளைத்துக்கொண்டு வரவேண்டும். தண்ணீரில் விட்ட குச்சி வளைந்து தெரிவதைப் போல, அதுவும் வளைகிறது. ஒரு துளி தாமதமாக வந்து சேர்கிறது. எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து எந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெப்பம் என்று கணக்கிட்டுவிடலாம். மேகமும் மழையும் அதற்குத் தடையில்லை. மேலிருந்து கீழ்வரை அளக்க இரண்டு நிமிடம் போதும்.

"என் பலூனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றேன். "ஆனால் அது காற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது. உங்கள் ஆள் எட்டி நின்று ஊகிக்கிறார்."

"அதனாலதான் ஐயா ரெண்டையும் ஒப்பிடுறோம். இந்த மலைக்குப் பக்கத்துல செயற்கைக்கோள் அளக்குற நேரத்துல நம்ம பலூனும் மேல இருக்கணும். ஈரம் கொறஞ்ச எட்டுக் கிலோமீட்டர்லருந்து இருபத்தஞ்சு வரைக்கும் செயற்கைக்கோள்காரங்க பாப்பாங்க. வித்தியாசம் அரை டிகிரிக்குள்ள இருந்தா இந்த எடத்த நிரந்தர ஒப்பீட்டு நெலையமாக்குவாங்க. வெள்ளிக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்குள்ள நான் அனுப்பணும்."

"இல்லாவிட்டால்?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். ராசம்மா சொன்னார்: "இந்த மாசத்தோட இவ வேல முடிஞ்சிரும்ங்க. கொழும்புல வேற யாரும் இவள வச்சுக்க மாட்டாங்க. காலையில பேர் போட்டு வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல நிக்கிற அத்தன பேரும் கேக்குறாங்க, ஒம்மக ஆகாயத்தப் படிக்கிறான்னியே, என்னாச்சுன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

அன்று இரவு எனக்குக் கொடுத்த அறையில் பலூன்களை இரண்டு முறை எண்ணினேன்.

புதன்கிழமை. தோட்டத்துத் தொழிற்சாலையின் ஸ்டோர் அறையில் கணினி இருந்தது. கூரை மேல் தவமணி பொருத்தியிருந்த ஏற்பியிலிருந்து ஒரு கம்பி உள்ளே வந்தது. வறுத்த தேயிலைத் தூளின் மணம் சட்டையில் ஏறிக்கொண்டது. தவமணி வாயு உருளையைப் பார்க்க வெளியே போயிருந்தாள். தேயிலை பதமாவதைப் பொறுப்பாகப் பார்க்கும் டீமேக்கர் சிவலிங்கம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சேர், இது எங்க ஃபேக்டரியோட ஒசரமா?"

திரையில் 'நிலைய உயரம் 1148' என்று இருந்தது. ஆமாம் என்றேன்.

"அடியில எவ்வளவு?"

"மூவாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க சேர், நாலாயிரம் அடிக்கு மேல வெளஞ்சாத்தான் ஒசந்த மலைத் தேயிலைன்னு பேரு. கீழ போனா நடுமலை. வெளிய வந்து செவத்தப் பாருங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சுவரில் கறுப்பு எழுத்தில் 4088 அடி. "வெள்ளக்காரன் காலத்துல அளந்தது. யாரு எங்கள முந்நூத்தி இருபத்ரெண்டு அடி கீழ எறக்குனது? கொழும்புல போயிப் படிச்சா மலகூடக் கொறஞ்சு போயிருமோ?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. தவமணிக்காகத்தான். 4088 அடி என்றால் 1246 மீட்டர். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் என் பாரமானியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதுவும் சுவரின் பக்கம்தான் பேசியது. தொண்ணூற்றெட்டு மீட்டர் பிழை. இந்தப் பெண் அவசரத்தில் தவறாகப் போட்டிருக்கிறாள். ஊரார் முன்னால் அவளைத் திருத்தினால் அவமானப்படுவாள்; தனியே சொன்னாலும், வந்த மறுநாளே கிழவர் குற்றம் கண்டுபிடிக்கிறார் என்று நினைப்பாள். உள்ளே போய் 1148-ஐ அழித்து 1246 என்று போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு பால் விடாத ஒரு பிளேன்டீ குடித்தேன்.

மாலை மூன்று மணிக்கு முதல் பலூன். கணவாய்ப் பக்கமிருந்து திடீரென்று ஒரு காற்று வந்து, ஏறத் தொடங்கிய பலூனைப் பக்கவாட்டில் தள்ளியது. பெட்டி தகரக் கூரையில் மோதிச் சிதறியது. முப்பத்துமூன்று ஆண்டுகளில் எனக்கு இப்படி நேர்ந்தது ஒன்பது முறை. இது பத்தாவது. தவமணி கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மிச்சம் ரெண்டு" என்றாள்.

வியாழன் காலை. பெரட்டுக் கலைந்து கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடையோடு பாதையில் நின்றுவிட்டார்கள். கங்காணி சத்தம் போட்டும் நகரவில்லை.

"ராசம்மாக்கா, ஒங்க மக விட்ட மொதலு கூரையில போயி குந்திக்கிச்சாமே!"

"இது குந்தாது, பாரு!" என்று ராசம்மா திருப்பிக் கத்தினார்.

தவமணி நூலைப் பிடித்தாள், நான் பலூனின் கழுத்தைப் பிடித்தேன். காற்று ஓய்வதற்காக ஆறு நிமிடம் காத்திருந்தோம். என் கை மரத்துப்போனது. விட்டேன். நேராக ஏறியது. நாற்பது விநாடியில் மேகத்துக்குள் மறைந்தது. ஆனால் கணினியில் எண்கள் வந்துகொண்டே இருந்தன. நிமிடத்துக்கு முந்நூறு மீட்டர். பதினேழு கிலோமீட்டரைத் தாண்டும் சமயத்தில்தான் எங்கோ மேலே அந்தச் சிறு செயற்கைக்கோளும் அளக்க வேண்டும். இருபத்தெட்டு கிலோமீட்டரில் பலூன் வெடித்தது. தவமணி முதல் முறையாகச் சிரித்தாள்.

தோட்டத்தில் பெரிய கோப்பு எதையும் இறக்க முடியாது. மத்தியானம் அவள் ஹட்டனுக்குப் போய் செயற்கைக்கோளின் அளவை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினாள். நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சரியில்ல ஐயா. பலூன் சூடாக் காட்டுது. எட்டுக் கிலோமீட்டர்ல அரைக்கு மேல. ஒம்போதுல, பத்துல, பன்னெண்டுல எல்லாம் ஆறு, ஏழு. எங்கயும் கொறையல." அவள் சொன்னது தசமத்தை, 0.6, 0.7.

"என் பலூனில் தவறு இருக்காது" என்றேன். யோசிக்காமல் வந்த சொல். "எட்டி நின்று ஊகிக்கிற உங்கள் ஆளைக் கேள்."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு சண்டை போடாமல் எல்லாவற்றையும் சோதித்தாள். விடுமுன் எடுத்த வெப்பநிலை சரி, அழுத்தம் சரி, நேரம் சரி. உயரத்தை மட்டும் பார்க்கவில்லை. அது அவளே திங்கட்கிழமை போட்டது; தான் போட்டதை யார் இரண்டாம் முறை பார்ப்பார்கள்? நானும் அதை நினைக்கவில்லை. என் திருத்தத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"காலையில போயி எழுதிர்றேன்" என்றாள். "பலூன் கருவியில கோளாறு, இந்த அளவை எடுத்துக்க வேணாம்னு. பொய்யான நெலையமா இருக்கிறதுக்கு இல்லாமலே இருக்கலாம்."

அன்று ராசம்மா கொடுத்த சோற்றில் பாதியை வைத்துவிட்டேன். தூங்குமுன் அட்டவணை முழுவதையும் என் குறிப்பேட்டில் நகல் எடுத்தேன். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு வரி, முப்பத்தைந்து வரி.

வெள்ளி காலை அவள் எட்டு மணி பஸ்ஸில் போய்விட்டாள். நான் படியில் உட்கார்ந்து வரிகளை எண்ணினேன். வேறெதற்கும் இல்லை, எண்ணாமல் இருக்க முடியாததால். முதல் பதினெட்டு வரியில் பலூன் சூடு. பத்தொன்பதாவது வரி, பதினேழு கிலோமீட்டர்: வித்தியாசமே இல்லை. அதற்கு மேல் பதினாறு வரியில் பலூன் குளிர். தவமணி சூட்டைப் பார்த்ததுமே மனம் உடைந்து, மேல் வரிகளையும் அதே கோளாறில் சேர்த்துவிட்டாள்.

கெட்டுப்போன வெப்பமானி கட்சி மாறாது. சூடாகக் காட்டினால் கடைசிவரை சூடாகத்தான் காட்டும். இந்தப் பகுதி வானத்தில் பதினேழு கிலோமீட்டர்வரை ஏற ஏறக் குளிரும், அதற்கு மேல் ஏற ஏறச் சுடும். கீழே சூடும் மேலே குளிரும் காட்ட ஒரே வழிதான் உண்டு: எல்லா வரியும் இருக்க வேண்டிய இடத்தைவிட உயரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எத்தனை உயரம்? வித்தியாசத்தை, கிலோமீட்டருக்குக் குளிரும் அளவால் வகுத்துப் பார்த்தேன். நூறு மீட்டர் வந்தது. கொஞ்சம் குறைய.

தொண்ணூற்றெட்டு. புதன்கிழமை நான் மாற்றியது.

செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அது பூமியைச் சற்றே நசுங்கிய, வழவழப்பான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. உண்மையான கடல் அந்த உருண்டையோடு ஒட்டிக் கிடப்பதில்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே பெரிய தாழ்வு இலங்கைக்குத் தெற்கே. இங்கே கடல் அந்த உருண்டைக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் கீழே. ஆகவே 1148-ம் சரி, 1246-ம் சரி. ஒன்று உருண்டையிலிருந்து, மற்றது கடலிலிருந்து. தவமணியின் கணக்கு முதலாவதை வாங்கிக்கொண்டு, கடல் மட்டத்துக்கு மாற்றத் தொண்ணூற்றெட்டைத் தானே கூட்டிக்கொள்ளும். நான் கூட்டியதையே கொடுத்தேன். அது இன்னொரு முறை கூட்டியது. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆனால் கை, முப்பத்துமூன்று வருடம் கடல் மட்டத்தையே எழுதிய கை.

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டும். அங்கே ஏறி நான்கு முறை அழைத்தேன், கிடைக்கவில்லை. மணி ஒன்பது ஐம்பது. பஸ்ஸைப் பிடித்தேன். நான்காவது வளைவில் பஸ் நின்றது. மேட்டிலிருந்து மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. ஓட்டுநர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்து இருக்கைக்காரர் எனக்குச் சொன்னார்: "மிசின் வரணுமாம். ஒரு மணித்தியாலம் ஆகும்னு சொல்றாரு. ஒங்களுக்கு என்னங்க அவசரம், ஆஸ்பத்திரியா?"

"அதைவிட மோசம்" என்று இறங்கிவிட்டேன்.

சேற்றில் செருப்பு ஒட்டியது. மழை மறுபடி பிடித்தது. நூறு அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினேன். இருபத்துமூன்று முறை நின்றேன். அதன்பின் தேங்காய் மூட்டை ஏற்றிய ஒரு வண்டிக்காரர் இரக்கப்பட்டு மூட்டை மேல் உட்கார வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, போட்டோகாப்பியும் இன்டர்நெட்டும் உள்ள கடையில் தவமணி இருந்தாள். மணி பதினொன்று பதினெட்டு. மேசையில் ஆறிப்போன தேநீர்.

"அனுப்பிட்டேன் ஐயா" என்றாள். "பத்து நிமிசமாச்சு. நீங்க ஏன் இப்படி நனைஞ்சு..."

"உயரத்தை மாற்றினேன்."

அவளுக்குப் புரியவில்லை. "புதன்கிழமை" என்றேன். "1148 தப்பு என்று நினைத்து 1246 போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. டீமேக்கர் கேலி செய்தார், நான்..." குறிப்பேட்டை நீட்டினேன். பதினெட்டு வரி, ஒரு வரி, பதினாறு வரி.

அவள் வரிகளின் மேல் விரலை ஓட்டினாள். பத்தொன்பதில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை எந்த அட்டவணையிலும் எழுத முடியாது.

"டீமேக்கரோட தேயிலைய ஏத்தி விட்டுட்டீங்க. என்னைய எறக்கிட்டீங்க."

தலை குனிந்தேன். கடைக்காரர், தொப்பி போட்ட ஒரு பெரியவர், "தங்கச்சி, சண்ட போட்டா நிமிசத்துக்குக் காசு ஓடும்" என்றார். அவள் மடிக்கணினியைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினாள். கணக்கு ஓட ஒன்பது நிமிடம். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த அட்டவணையில் மிகப் பெரிய வித்தியாசம் 0.2.

இனி இரண்டாவது கடிதம். ஒரு மணி நேரத்துக்குள், முதல் கடிதம் தவறு என்று. இப்படி எழுதுகிறவளை யார் நம்புவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். "என் பெயரைப் போடு" என்றேன். "கிழவன் செய்தான் என்று எழுது."

அவள் எழுதியதைப் படித்துக் காட்டினாள்: உயரத்தை மாற்றியவர் எங்கள் பலூன் அனுபவசாலி, பிழையைக் கண்டுபிடித்தவரும் அவரே, யாரும் மாற்றும்படி கணினியைப் பூட்டாமல் வைத்தது நான். அனுப்பியபோது பதினொன்று ஐம்பத்திரண்டு.

சனிக்கிழமை மத்தியானம்தான் பதில் வந்தது. அதுவரை ராசம்மா என்னோடு பேசவில்லை. ரொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனார். பதில் மூன்று வரி. விளக்கத்தை ஏற்கிறோம். ஓர் ஒப்பீடு போதாது. ஞாயிறு காலை இன்னொன்று வாய்க்கிறது, அதுவும் அரை டிகிரிக்குள் இருந்தால் நிலையம் உங்களுடையது.

இருந்தது ஒரே பலூன்.

ஞாயிறு காலை ஸ்டோர் அறைக்குள் நுழைந்தபோது, உயரம் காட்டும் கட்டத்தின் மேல், திரையிலேயே, காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல் பேனாவில், 'தொடாதீங்க ஐயா.' நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சிவலிங்கம் வந்தார். தவமணி அவருக்குக் கடல் பள்ளத்தைப் பொறுமையாக விளக்கினாள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கடல் பள்ளமாக் கெடந்தா அது கடலோட குத்தம். எங்க தேயிலைய ஏன் புள்ள எறக்கணும்?"

"ஒங்க தேயில அங்கயேதான் இருக்குங்க. செவத்துல இருக்கிறது செவத்துக்கு. இது எனக்கு."

ஒன்பது பத்துக்கு விட்டோம். இந்த முறை கழுத்தை அவளே பிடித்தாள், நான் நூலைப் பிடித்தேன். ஞாயிறு என்பதால் லயத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஐம்பதுவரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு மேலே பார்த்தேன்.

முடிவு வருமுன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ராசம்மா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நாவலப்பிட்டியைத் தாண்டும்போது கைப்பேசி அதிர்ந்தது. தவமணி எழுதியிருந்தாள்: "0.3. கீழேயும் மேலேயும். அம்மா பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாங்க, இன்னைக்குப் பெரட்டே இல்லைன்னு தெரிஞ்சும்."

பொட்டலத்தைப் பிரித்தேன். ரொட்டி ஆறு. இரண்டு பேர் சாப்பிடும் அளவு. எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் மூன்றைக் கொடுத்தேன்.